கச்சான்காரர் கட்டிய வீடுகள்

போன மாதம் ஓர் இரவு வேலையில், சாப்பாட்டு நேரம், எங்களோடு நிற்கும் அண்ணர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, வீட்டுக்கு டிப்பொசிற் கட்டியிட்டன். மனுசிக்கு இன்னும் சொல்லேல்லை. திறப்பைக் கையிலை குடுத்துத்தான் சொல்லப்போறன்."

மேசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் ஜிம்மி கார்ட்டரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். அண்ணர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அமெரிக்க சனாதிபதிக்கும் பிராம்ப்ரன் வீட்டுக்கும் என்ன தொடர்பு? அதைத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

கார்ட்டர் எங்களில் பலரைப் போலத் தோட்டம் துரவோடு வளர்ந்தவர். 1924 ஒக்ரோபர் 1ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஊருக்கு வெளியே தகப்பனின் கமம். கச்சானும் பருத்தியும் பயிர். சிறுவயதில் வீட்டில் மின்சாரம் இல்லை. கச்சானைப் பிடுங்கி, கழுவி, அவித்து, பொட்டலம் கட்டித் தெருவில் விற்றிருக்கிறார். எங்கள் கோயில் திருவிழாக்களில் கச்சான் விற்ற ஆச்சிமாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடற்படை. 1946இல் கடற்படைக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு, தன் ஊர்ப் பெண்ணான ரொசலினைக் கலியாணம் செய்தார். நீர்மூழ்கிக் கப்பல்களில் வேலை. 1952 டிசம்பரில், நாங்கள் இருக்கும் இதே ஒன்ராறியோவில், சோக் ரிவர் அணு உலை விபத்துக்குள்ளானபோது உதவிக்கு வந்த அமெரிக்கக் குழு ஒன்றுக்கு இவர்தான் பொறுப்பு. ரெனிஸ் மைதானத்தில் மாதிரி உலை ஒன்றைச் செய்து வைத்துப் பழகினார்களாம். கதிர்வீச்சுக் காரணமாக ஒருவருக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்தான் கணக்கு. அதற்குள் உள்ளே போய் முடிந்ததைக் கழற்றிவிட்டு வெளியே ஓடிவர வேண்டும். எங்கள் பக்டரியில் ஒன்றரை நிமிடத்துக்குள் கையுறையே போட்டு முடியாது.

1953இல் தகப்பன் புற்றுநோயால் இறந்தார். கமத்தைப் பார்க்க ஆளில்லை. கடற்படையை விட்டு ஊருக்குத் திரும்புவது என்று கார்ட்டர் முடிவெடுத்தார். மனைவியிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ரொசலினுக்கோ ஊரை விட்டு வந்ததே பெரிய விடுதலையாக இருந்தது. அழுதார், கத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பிள்ளைகளோடு காரில் ஊருக்குப் போகும்போது கணவரோடு அவர் பேச்சில்லை. வழியில் நிற்பாட்ட வேண்டுமென்றாலும் மூத்த மகனிடம் "அப்பாவிடம் சொல்" என்பாராம்.

அதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நானும் மொன்றியலில் வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் மனைவியிடம் "ரொறன்ரோவுக்குப் போகிறோம்" என்றேன். வேலை கிடைத்துவிட்டது, நல்லதுக்குத்தானே என்ற எண்ணம். அந்த 401 பாதையில் கிங்ஸ்ரன் வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட்டபோதும் இப்படித்தான். ஏஜென்சிக்குக் காசு கட்டிய பிறகுதான் அவருக்குத் தெரியும். அவசரம், பாதுகாப்பு என்று அதற்கு ஒரு நியாயம் இருந்தது. மொன்றியலில் என்ன அவசரம்?

பிளெயின்சில் கார்ட்டர் குடும்பம் முதலில் இருந்தது அரசாங்கத்தின் குறைந்த வாடகை வீட்டில். அடுத்த வருடம் மழை இல்லை, கச்சான் சரியாக விளையவில்லை. அப்போதுதான் ரொசலின் கடைக் கணக்கைக் கையில் எடுத்தார். எதில் இலாபம், எதில் நட்டம் என்று கணவரை விட அவருக்கு நன்றாகத் தெரிய வந்தது. கார்ட்டர் அவரிடம் கேட்டு நடக்கத் தொடங்கினார். ஆனாலும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. 1962இல் வேலை நாள் ஒன்றில் இவர் ஞாயிற்றுக்கிழமைக் காற்சட்டையைப் போட, "செத்தவீட்டுக்கோ?" என்று மனைவி கேட்டாராம். மாநில செனற் தேர்தலில் நிற்கிறேன் என்று அறிவிக்கப் போகிறாராம்!

1977இல் சனாதிபதியானார். மந்திரிசபைக் கூட்டங்களில் மனைவியும் வந்து இருந்தார். பலருக்கு அது பிடிக்கவில்லை. அவரது ஆட்சியைப் பற்றிக் குறை நிறைய உண்டு, அதை வேறு ஆட்கள் எழுதட்டும். அமெரிக்காவின் அகதிகள் சட்டத்தில் 1980 மார்ச்சில் கையெழுத்து வைத்தவர் அவர் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

தேர்தலில் தோற்று 1981இல் ஊருக்குத் திரும்பியபோது, கச்சான் வியாபாரம் பத்து இலட்சம் டொலருக்கு மேல் கடனில் கிடந்தது. கூட வேலை செய்தவர்கள் கொடுத்த பிரியாவிடைப் பரிசு தச்சுக் கருவிகள். கதிரை, மேசை, கட்டில் என்று தன் கையாலேயே செய்தார். 1984இல் ஹபிற்றாற் என்ற வீடு கட்டும் அமைப்போடு நியூயோர்க் போய்ப் பழைய கட்டடம் ஒன்றைத் திருத்தினார். வீடு தேவையான குடும்பமும் சேர்ந்து உழைப்பது, பிறகு தங்களால் இயன்றபடி கடனைக் கட்டுவது, அதுதான் அந்த அமைப்பின் முறை. ரொசலினும் போனார். "எதுவும் செய்வேன், ஆணி மட்டும் அடிக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு போனவர் கடைசியில் நிலத்துக்குப் பலகை அடித்தார். இருவரும் ஆட்களோடு சேர்ந்து 14 நாடுகளில் 4,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியும் திருத்தியும் கொடுத்தார்கள். 2017இல் வினிப்பெக்கில் வேலை செய்யும்போது கார்ட்டர் வெயிலில் மயங்கினார். வயது 92. அடுத்த நாள் காலை திரும்பவும் வேலைத்தலத்தில்!

அவர்கள் இருந்ததோ 1961இல் கட்டிய சாதாரண வீடு. ரொசலின் 2023 நவம்பரிலும், கார்ட்டர் 2024 டிசம்பர் 29ஆம் திகதி நூறு வயதிலும் அந்த வீட்டிலேயே கண்மூடினார்கள்.

இவ்வளவையும் கேட்ட அண்ணர் ஒன்றுதான் கேட்டார். "அந்த மனுசி பிறகு கதைச்சவவோ?"

"ஓம் அண்ணை. 77 வருசம் ஒண்டா இருந்திருக்கினம்."

"காசு கட்டியாச்சே, தம்பி."

"கட்டினதைச் சொல்லலாம்தானே, திறப்பு வரமுதல்."

அடுத்த இரவு அவர் சாப்பாட்டுப் பெட்டி இல்லாமல் வந்தார். சொல்லிவிட்டார் என்று விளங்கியது. மூன்றாம் நாள் பெட்டி வந்தது, இடியப்பமும் சொதியும். மனைவி கேட்ட முதற் கேள்வி, அங்கிருந்து தன் வேலைக்குப் போக பஸ் எத்தனை மணிக்கு என்பதாம். விடிய ஐந்து மணிக்கு அவருக்கு வேலை. அந்தத் தெருவில் அந்த நேரம் பஸ் ஓடுகிறதா என்று அண்ணர் பார்க்கவே இல்லை. இப்போது இருவரும் கார் வாங்குவதா, வீட்டை விடுவதா என்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை எழுதி முடித்து மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒரே ஓர் இடத்தில் பிழை பிடித்தார். கிங்ஸ்ரன் வரை இல்லையாம், ரொறன்ரோ வரையாம்.