புதிய ஒயிலும் பழைய எஞ்சினும்

சென்ற பெரும்போக விதைப்பு வேளையில், இருசக்கர உழவு இயந்திரம் ஒன்று லொறியில் ஏற்றப்பட்டு உப்புவெளியிலுள்ள ஒரு கராஜுக்கு வந்து சேர்ந்தது. 2006இல் சம்பூரை விட்டு வெளியேறி, பத்து ஆண்டுகள் முகாம்களில் வாழ்ந்து, 2016இல் காணிக்குத் திரும்பிய ஐந்து குடும்பங்கள் கூட்டாக வாங்கிய இயந்திரம் அது. எஞ்சினைத் திறந்து பார்த்தபோது, வால்வுகளைத் தூக்கும் கேம் தண்டின் புடைப்புகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. அதன்மேல் உராயும் டப்பெட்டுகளின் முகம் குழிவிழுந்து கிடந்தது.

"என்ன ஒயில் விட்டனீங்கள்?" என்று மெக்கானிக் கேட்டார். இயந்திரத்துக்குப் பொறுப்பானவர் ஒரு வெற்றுப் பேணியைக் காட்டினார். கொழும்பில் புதிய கார் ஓட்டும் உறவினர் அன்போடு கொடுத்தனுப்பிய விலை கூடிய ஒயில். அதில் 0டபிள்யூ-20 என்றும் எஸ்பி என்றும் அச்சிட்டிருந்தது. இரண்டு போகமாக அதையே பாவித்திருக்கிறார்கள். மெக்கானிக் எம் பக்கம் திரும்பி, "பாதர், இது நல்ல ஒயில்தான். ஆனால் இந்த எஞ்சினுக்குரியதல்ல" என்றார்.

ஒயில் மட்டுமே குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. காற்று வடிகட்டியிலும் புழுதி அடைந்திருந்தது. ஆயினும் மெக்கானிக்கின் அந்த ஒரு வசனம் எம்மைச் சிந்திக்க வைத்தது. நல்லதும் விலை கூடியதுமான ஒரு பொருள் ஏழையின் இயந்திரத்துக்கு மட்டும் எப்படித் தீங்காகிறது?

ஒயில் என்பது வெறும் எண்ணெய் அல்ல. அதனுள் பல இரசாயனச் சேர்மானங்கள் கலக்கப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானது நாகமும் பொசுபரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மானம். 1940களில் இருந்து அது பாவனையில் உள்ளது. கேமும் டப்பெட்டும் ஒன்றையொன்று அழுத்தி உராயும் இடத்தில் ஒயில் படலம் பிதுங்கி ஓடிவிடும். அப்போது உராய்வினாலும் சூட்டினாலும் இந்தச் சேர்மானம் உருக்கின் மேல் கண்ணாடி போன்ற ஒரு தோலாகப் படிகிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். உலோகம் தேயுமுன் அந்தத் தோல் தேய்கிறது; தேய்ந்த இடத்தில் மீண்டும் படிகிறது. இப்படித் தன்னைக் கொடுத்து எஞ்சினைக் காப்பதனால் சேர்மானம் நாளடைவில் குறைந்துபோகிறது. கறுத்த பழைய ஒயிலை வடித்து மறுபடியும் ஊற்றக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அதே பொசுபரசு, கார்களின் புகைக்குழாயில் நச்சு வாயுவைச் சுத்திகரிக்கும் கருவியைக் கெடுத்துவிடும். அமெரிக்கக் கார்களில் இக்கருவி 1975இல் இருந்து பரவலாக வந்தது. அதைக் காப்பாற்றுவதற்காக, பெற்றோல் கார்களுக்கான மெல்லிய ஒயில்களில் பொசுபரசின் உச்ச அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 1990களின் முற்பகுதியில் அது 0.12 சதவீதம். 1996இல் 0.10 ஆயிற்று. 2004இல் 0.08 ஆயிற்று. டீசல் வாகனங்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டிகள் வந்தபோது, 2006இல் டீசல் ஒயிலின் சேர்மானங்களுக்கும் புதிய எல்லை விதிக்கப்பட்டது.

இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. நகரத்துக் குழந்தைகள் சுவாசிக்கும் காற்று சுத்தமாக வேண்டியதுதான். புதிய கார்களின் எஞ்சின் அந்த ஒயிலுக்கேற்பவே அமைக்கப்பட்டிருக்கிறது. பலவற்றில் கேமின்மேல் சறுக்கும் தட்டைக்குப் பதிலாக உருளும் சில்லு உண்டு. எங்கள் உழவு இயந்திரத்திலும் நீர்ப்பம்பியிலும் பழைய மெஸி பேர்குசனிலும் இருப்பது சறுக்கும் தட்டை டப்பெட். புகையைச் சுத்திகரிக்கும் கருவியும் அவற்றில் இல்லை. இல்லாத கருவியைக் காப்பாற்றுவதற்காகக் குறைக்கப்பட்ட பாதுகாப்பை, இருக்கிற கேம் இழக்கிறது.

எரிபொருளின் தரமும் இதோடு சேர்கிறது. 2018இல் யூரோ 4 தர டீசல் இந்நாட்டுக்கு வந்தது. ஆனால் எம் மக்கள் வாங்குவது விலை குறைந்த சாதாரண டீசல். அதில் கந்தகம் அதிகம். கந்தகம் எரிந்தால் அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தை முறிக்கும் சேர்மானமும் ஒயிலில் போதியளவு இருக்கவேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் பம்பிகளில் எரியாத எண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. 1990களின் தடைக்காலத்தில் வடக்கில் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள்களை ஓட்டிய மக்கள் இதை நன்கறிவர். 2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்றபோது அந்தப் பழைய வித்தைகள் பல மீண்டும் தலைகாட்டின. இல்லாமையில் கற்ற வித்தை பெருமைக்குரியதுதான். ஆனால் தட்டுப்பாடு தீர்ந்த பின்னும் அதையே வழக்கமாக வைத்திருந்தால் எஞ்சின் அதற்கு விலை கொடுக்கும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? முதலில், பேணியின் பின்புறத்தை வாசிக்கப் பழகுவோம். எஸ் எழுத்தில் தொடங்கும் தரம் பெற்றோல் எஞ்சினுக்குரியது. சி எழுத்தில் தொடங்கும் தரம் டீசலுக்குரியது. சிஎவ்-4, சிஎச்-4, சிஐ-4 என்பன டீசல் தரங்கள். தடிப்பைக் காட்டும் இலக்கமும் முக்கியம். வெப்பமான எங்கள் நாட்டில் பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்கு 15டபிள்யூ-40 பொருந்தும். மோட்டார் சைக்கிளுக்கு ஜாசோ எம்ஏ என்ற குறியைத் தேடுங்கள். உராய்வைக் குறைக்கும் கார் ஒயிலை விட்டால் கிளட்ச் வழுக்கக்கூடும். தனியாகக் குப்பியில் விற்கும் சேர்மானங்களை வாங்கி ஊற்றாதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அந்தக் காவற்பொருளே உலோகத்தை அரிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரத்தின் கைநூல் சொல்வதே சட்டம் என்பார்கள். காணி உறுதியைக்கூடக் கையில் எடுக்க முடியாமல் ஓடியவர்களிடம் கைநூலைக் கேட்பது எப்படி? திரும்பி வந்தபின் இரண்டாம் கையாக வாங்கிய இயந்திரத்தோடு கைநூல் வருவதுமில்லை. அந்த அறிவை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே தேடிக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமல்ல.

ஆகவே எமது கருத்து இதுதான். எமது மாவட்டத்தில் பாவனையில் உள்ள உழவு இயந்திரங்கள், பம்பிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய ஒயில் எது, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்ற பட்டியல் ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் தொங்கவேண்டும். இயந்திரங்களை மானியமாகக் கொடுக்கும் நிறுவனங்கள், எம்போன்ற திருச்சபை நிறுவனங்கள் உட்பட, சாவியோடு இந்த அறிவையும் கொடுக்கவேண்டும். நாமும் இயந்திரத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்களே. கமக்காரர் அமைப்புகள் சரியான ஒயிலைப் பெரிய பீப்பாயாக வாங்கிப் பங்கிட்டால் செலவும் குறையும், போலிச் சரக்கும் விலகும்.

உப்புவெளியில் இருந்து சற்றுத் தூரத்தில்தான் சீனன்குடா. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் அங்கே நிற்கின்றன. ஒயில் கலக்கும் ஆலை ஒன்றும் அங்கு இயங்குகிறது. இவ்வளவும் எமது குடாவின் கரையில் இருக்க, குடாவுக்கு அப்பால் வயல் செய்பவர் எந்தப் பேணியை வாங்குவதென்று தெரியாமல் நிற்கிறார்.

அந்த ஐந்து குடும்பங்களும் கடன்பட்டு எஞ்சினைத் திருத்தினார்கள். அதற்குள் மழை முந்திவிட்டது. அவர்களின் வயலில் பாதி அந்தப் போகம் தரிசாகக் கிடந்தது. இந்தப் போகத்துக்கு முன் உங்கள் இயந்திரத்துக்கு எந்த ஒயில் உரியது என்று கேட்டறியுங்கள். பதில் சொல்லவேண்டிய இடங்களில் பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.