எஃகு போன பிறகு எழுதிய அறிக்கை

2001 செப்டம்பர் 11 அன்று விமானம் மோதிய பிறகு நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் 56 நிமிடம் நின்றது. வடக்குக் கோபுரம் 102 நிமிடம். மோதலில் எஃகின் தீக்காப்புப் பூச்சு உதிர்ந்தது, தீயில் தொய்ந்த தளங்கள் வெளித்தூண்களை உள்ளே இழுத்தன என்று அமெரிக்க அரசின் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் விளக்கியது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தாங்கும் சான்று மிக மெலிது. இடிபாட்டு எஃகின் பெரும்பகுதி முறையாக ஆராயப்படும் முன்பே பழைய இரும்பாக விற்கப்பட்டது. ஒரு பகுதி சென்னைத் துறைமுகத்துக்கே வந்தது. ஆய்வுக்கு மிஞ்சியவை 236 துண்டுகள், மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. பூச்சு எங்கெங்கே உதிர்ந்தது என்பதைக் கண்ணால் காண வழியின்றி, மாதிரிகள்மீது ரவைகளைச் சுட்டுப் பார்த்தும் கணினியில் கணக்கிட்டும் அனுமானித்தார்கள்.

இப்படிச் சான்றைக் கேள்வி கேட்பது, குண்டு வைத்துத் தகர்த்தார்கள் என்ற வதந்திக்குத் தீனி போடும் என்பார்கள். அந்த வதந்திக்கு ஆதாரமில்லை. சரிவதற்கு முன்பே வெளித்தூண்கள் உள்நோக்கி வளைந்ததைப் புகைப்படங்கள் காட்டுகின்றன; அது அரசு விளக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. வதந்திக்கு அஞ்சி நியாயமான கேள்வியையும் மூடிவைத்தால்தான் ஐயம் பெருகும். அந்த நிறுவனத்தின் தீ அறிவியல் பிரிவுக்கு முன்பு தலைமை வகித்த ஜேம்ஸ் குவின்டியர் 2007-இல் சுதந்திரமான மறு ஆய்வு கோரினார். அது நடந்திருக்க வேண்டும். ஏனெனில் உயர்மாடிகளுக்கான தீக்காப்பு விதிகள் அந்த 2005 அறிக்கையைப் பார்த்தே திருத்தப்பட்டன. இடிபாடுகளைக் காக்கும் அதிகாரத்தை ஆய்வுக் குழுவுக்கு அளித்த சட்டம் 2002 அக்டோபரில் வந்தது. எஃகு அதற்குள் உலையேறிவிட்டது.