சூட்கேசுக்குள் ரைஸ் குக்கர்

வெளிநாட்டுக்குக் குடும்பத்தோட போய், வீடெடுத்துத் தங்கி, தானே சமைச்சுச் சாப்பிடுறவங்க என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு தேடினா பட்டியல் பட்டியலா வரும். கடற்கரைத் துண்டு, வைன் போத்தல் திறப்பான், பாத்திரம் கழுவுற மெஷினுக்கு மாத்திரை. திம்புள்ளப் பக்கம், தலவாக்கலையிலயோ லிந்துலையிலயோ அக்கரப்பத்தனையிலயோ இருந்து கிளம்புற குடும்பத்துக்கு அதுல பாதி உதவாது. நமக்கு வெளிநாடுன்னா பெரும்பாலும் ஒண்ணுதான். திருச்சி, வேளாங்கண்ணி, மதுரை, இராமேஸ்வரம், இல்லைன்னா கூடலூர், கோத்தகிரியில இருக்கிற சொந்தம். நாம அதை வெளிநாடுன்னு சொல்றதுமில்லை. 'இந்தியாவுக்குப் போயிட்டு வர்றோம்'னுதான் சொல்வோம். ஆனா விசா, சுங்கம், பிளக் வடிவம் எல்லாம் அது வெளிநாடுதான்னு சொல்லும்.

முதல்ல கணக்கு. 2024 செப்டெம்பர்ல தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிச்ச அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. தமிழ்நாட்டுல சாதாரணக் கடையில ஒரு சாப்பாடு நூறு இந்திய ரூபான்னு வெச்சுக்குவோம். நாலு பேருக்கு நானூறு. ஒரு இந்திய ரூபாய்க்கு நம்ம மூணரை ரூபா அளவு போகுதுன்னா, ஒரு மத்தியானச் சாப்பாடு மட்டும் அந்தச் சம்பளத்துல ஒரு நாள் பேருக்கு மேல. காலையும் இரவும் சேர்த்து, பத்து நாளைக்குப் பெருக்கிப் பாருங்க. 'லீவுல போயும் சமைக்கணுமா'ன்னு கேட்கிற நண்பர்களுக்கு என் பதில் இந்தக் கணக்குதான். சமையலறை உள்ள வீட்டை எடுத்தாத்தான் நம்ம ஆட்கள் பத்து நாள் தங்க முடியும். இல்லாட்டி மூணு நாள் கோயில் தரிசனத்தோட திரும்ப வேண்டியதுதான்.

சரி, என்ன எடுக்கிறது? ரைஸ் குக்கர். இதைச் சொன்னா சிரிக்கிறாங்க, ஆனா நான் உறுதியா இருக்கேன். வாடகை வீடுகள்ல அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்கும்னு நம்ப முடியாது. சின்னக் குக்கர் ஒண்ணு இருந்தா சோறு, கஞ்சி, பருப்பு, முட்டை அவிக்கிறது எல்லாம் அதுலயே முடியும். இங்கயும் அங்கயும் மின்சாரம் 230 வோல்ட்தான், கருவி எரியாது. சிக்கல் பிளக்குல. இப்ப நம்ம கடைகள்ல விக்கிறது சதுரக் கம்பி மூணு உள்ள 13 அம்பியர் பிளக். இந்தியாவுல உருண்டைக் கம்பி. பழைய லயத்து வீடுகள்ல இன்னும் இருக்கிற சின்ன உருண்டை மூணு கம்பி பிளக் அங்க நேரா பொருந்தும். அதனால அடப்டர் ஒண்ணு வாங்குங்க, கூட ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். இன்னொண்ணு, அங்க சின்ன சொக்கெட் 6 அம்பியர். ஐநூறு அறுநூறு வாட் குக்கரைத் தாங்கும். 1,500 வாட்டுக்கு மேல இழுக்கிற கேத்தலைப் பெரிய சொக்கெட்லதான் போடணும்.

சாமான் விஷயத்துலதான் நம்ம ஆட்கள் தப்புக் கணக்கு போடுறாங்க. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள்னு கட்டிக்கிட்டுப் போறது வீண். போற இடம் அரிசியும் பருப்பும் விளையிற ஊர். எடுத்துட்டுப் போக வேண்டியது பொருளைவிட அதிகமா சொல்லுதான். நாம 'கோதுமை மா'ன்னு ரொட்டிக்கு வாங்குறது அங்க 'மைதா'. கடையில போய்க் கோதுமை மாவு கேட்டா சப்பாத்தி மாவைத் தருவான், அதுல தேங்காப்பூ போட்டு நம்ம ரொட்டி தட்டினா பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கும். நாம வெறும் 'பருப்பு'ன்னு சொல்ற சிவப்புப் பருப்பு அங்க 'மைசூர் பருப்பு'. வெறுமனே பருப்பு கேட்டா துவரம்பருப்புதான் வரும். பனடோல்னு கேட்காம டோலோன்னு கேளுங்க.

பிறகு, அங்க எளிதாகக் கிடைக்காதது. தேங்காய்ப்பால் மா ரெண்டு பக்கெட். சம்பலுக்குக் கொஞ்சம் மாசி, நல்லா காத்துப் போகாமக் கட்டி. குழந்தை இருந்தா முதல் ரெண்டு நாளைக்குப் பால்மா. அங்க ஆவின் பக்கெட் பால் எங்கயும் கிடைக்கும், ஆனா அதைக் காய்ச்சணும், பிரிட்ஜ் வேணும், இரவு ஒரு மணிக்கு இறங்கி வாங்க முடியாது. ஜீவனி பக்கெட் நாலு, சித்தாலேப ஒரு டப்பா. ஏறக்குறைய நாலாயிரம் அடி உயரத்துல வளர்ந்த பிள்ளைகள் திருச்சி வெயில்ல இறங்கின முதல் நாளே வாடிடும், அதுக்குத்தான் ஜீவனி. நுளம்பு வலை கட்டாயம். நமக்கு மலையில நுளம்பு பெரிய தொல்லை இல்லைங்கிறதால அந்தப் பழக்கமே கிடையாது. ஸ்வெட்டர் கூடலூர், கோத்தகிரி போறவங்களுக்கு மட்டும்.

நெருப்புப்பெட்டியை அங்க வாங்குங்க, பிளேன்ல சூட்கேசுக்குள்ள போட விடமாட்டாங்க. கத்தி சூட்கேசுக்குள்ள, பவர் பேங்க் கைப்பையில. கொப்பறை எங்கயும் கூடாது, அதுல எண்ணெய் இருக்கிறதால எளிதாத் தீப்பிடிக்கும்.

தேயிலையைப் பத்தித் தனியாச் சொல்லணும். போற எல்லோரும் சொந்தக்காரருக்குத் தேயிலை கொண்டு போறாங்க. நம்ம தோட்டத்துத் தேயிலைதான், பெருமைதான். ஆனா இலங்கையில பெரும்பாலும் செய்றது பழைய முறையில சுருட்டின இலை. இந்தியாவுல பெரும்பாலும் சிடிசி, அதாவது மெஷின்ல நறுக்கி உருட்டின மணித் தூள். அங்க பாலோட சேர்த்துக் கொதிக்க வெச்சுக் குடிக்கிறாங்க. நம்ம தேயிலையை அப்படிக் கொதிக்க வெச்சா கசக்கும், அவங்க எதிர்பார்க்கிற நிறமும் கனமும் வராது. 'சிலோன் டீன்னாங்க, இவ்வளவுதானா'ன்னு மனசுக்குள்ள நினைப்பாங்க. கொடுக்கிறப்பவே சாயத்தண்ணியா ஊத்திக் காட்டிட்டு வாங்க. அதுவும் கூடலூருக்குப் போறவங்க, நாளெல்லாம் கொழுந்து பறிக்கிறவங்க வீட்டுக்குத் தேயிலை கொண்டு போறோம்ங்கிறதை நினைச்சுக்குங்க.

அந்தச் சொந்தம் அங்க எப்படிப் போச்சு? 1964 ஒக்டோபர் 30 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கன்னு பிரிச்சது. மிச்சம் 1,50,000 பேரை 1974ல ஆளுக்குப் பாதியாப் பங்கு வெச்சாங்க. தலைமன்னார்ல கப்பலேறினவங்களும் மூட்டை கட்டினாங்க. அம்மியை எடுப்பதா விடுவதான்னு அன்னிக்கும் வீட்டுக்குள்ள சண்டை நடந்திருக்கும். அவங்கள்ல ஒரு பகுதியைக் குடியேத்தத்தான் தமிழ்நாடு அரசு 1968ல நீலகிரியில தேயிலைத் தோட்டம் போட்டது. இன்னிக்கு டான்டீன்னு சொல்றது அதைத்தான். அந்தக் குடியிருப்புகளும் நம்ம லயம் மாதிரியேதான், ஒரு குடும்பத்துக்கே இடம் பத்தாது. நாலு பேர் போய்ப் பத்து நாள் அங்க படுத்தா அவங்களுக்குப் பாரம். அவங்க அதைச் சொல்லமாட்டாங்க, கடன் வாங்கியாவது கோழி அடிப்பாங்க. அதனாலதான் சொந்தம் இருக்கிற ஊர்லயும் தனியா வீடெடுத்துச் சமைங்கன்னு சொல்றேன். ஒரு நாள் அவங்க வீட்டுல சாப்பிடுங்க, ஒரு நாள் அவங்களை உங்க வாடகை வீட்டுக்குக் கூப்பிட்டு ரொட்டியும் கட்டசம்பலும் போடுங்க. பெரியவங்க கோவிச்சுக்குவாங்கதான். கோவிச்சுக்கட்டும்.

வீடெடுக்கிற விஷயத்துல முன்னாடியே தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. இந்தியாவுல வெளிநாட்டுக்காரரைத் தங்க வைக்கிறவங்க 24 மணி நேரத்துக்குள்ள 'சி படிவம்'னு சொல்லிப் பழகின பதிவைச் செய்யணும். சின்ன லொட்ஜ்காரங்களுக்கு அது தலைவலி. நம்ம பேச்சைக் கேட்டு மதுரைப் பக்கம்னு நினைச்சு ரூம் இருக்குன்னு சொன்னவர், பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் 'இல்லைங்க, ஃபுல்'னு சொல்றது உண்டு. இலங்கை, தமிழன்னு ரெண்டு சொல்லும் சேர்ந்தா சிலருக்கு வேற யோசனையும் வரும். அதனால போகுமுன்னமே 'நாங்க இலங்கைப் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீங்களா'ன்னு கேட்டு உறுதிப்படுத்துங்க. பாஸ்போர்ட், விசா ரெண்டுக்கும் ஆளுக்கு அஞ்சு போட்டோகொப்பி, பாஸ்போர்ட் அளவுப் படம் ஆறு. சிம் வாங்கவும் அது வேணும். பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேர், ஐடென்டி கார்டுல ஒரு பேர்னு இருக்கிறது நம்ம தோட்டங்கள்ல சாதாரணம். டிக்கட் போடுமுன்னமே அதைச் சரிபாருங்க, விமான நிலையத்துல போய்ச் சரிபண்ண முடியாது. பெட்டிக்கடையிலயும் போனைக் காட்டிக் காசு கட்டுற ஊர் அது. நம்ம கையில இருக்கப்போறது தாள்தான், சில்லறையா மாத்தி வெச்சுக்குங்க.

இவ்வளவும் எழுதிட்டு ஒண்ணை எழுதாம விட்டா இது பொய்ப் பட்டியல். ரைஸ் குக்கரைச் சூட்கேசுல வெச்சவுடனே அதோட யாரைச் சேர்த்து வெக்கிறோம்? காலையில நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையை அனுப்பிட்டு, பெரட்டுக்குப் போய், மலை ஏறிக் கொழுந்தெடுத்து, பின்னேரம் வந்து திரும்ப அடுப்பு மூட்டுற அம்மாவுக்கு வருஷக்கணக்குல ஒரே ஒரு பயணம் கிடைக்குது. அதுலயும் அவ சமையலறையில நிக்க, மத்தவங்க மலைக்கோட்டை பார்த்துட்டு வந்து 'சோறு ஆச்சா'ன்னு கேட்டா, அவளுக்கு அது இடம் மாறின பெரட்டு. சிக்கனக் கணக்குல நாம மிச்சம் பிடிக்கிற காசு அவ உழைப்புலதான் வருது. யாத்திரைன்னு பேர் வெச்சா யாரும் கேட்கவும் மாட்டாங்க.

அதனால அடப்டரோட ஒரு காகிதத்தையும் எடுத்துட்டுப் போங்க. பத்து நாளைக்கும் யார் சமைக்கிறது, யார் கழுவுறதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே எழுதினது. அப்பா மூணு நாள், அண்ணன் மூணு நாள், தங்கச்சி ரெண்டு நாள், கடையில ரெண்டு நாள். குக்கர்ல சோறு வைக்கத் தெரியாதுன்னு சொல்ற அண்ணன்மார் கிளம்புற வாரத்துலயே வீட்டுல பழகிக்கலாம், ஒரு கப் அரிசிக்கு எத்தனை கப் தண்ணின்னு அம்மாகிட்டக் கேட்டு அதே காகிதத்துக்குப் பின்பக்கம் எழுதி வெச்சா போதும்.