சிரியாவுக்குத் திரும்பிய கிட்ஹப்

நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் சிரிய மென்பொருளாளர்களுக்கு 2025 செப்டம்பரில் மறுபடி திறந்துவிடப்பட்டது. அந்நாட்டின் மீதான அமெரிக்கத் தடைத் திட்டத்தை விலக்கும் ஆணையில் அதிபர் ட்ரம்ப் ஜூன் 30 அன்றே கையெழுத்திட்டிருந்தார். நல்ல செய்திதான். ஆனால், கோடு எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு 2019 ஜூலை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

ஈரான், சிரியா, கிரைமியா பயனர்களின் கணக்குகளுக்கு அந்த மாதம்தான் பூட்டு விழுந்தது. பொது ரெப்போக்கள் (நிரல் கிடங்குகள்) தப்பின, தனிப்பட்டவை மாட்டிக்கொண்டன. முன்னறிவிப்பு இல்லை, எடுத்து வைத்துக்கொள்ள அவகாசமும் இல்லை. தளத்துக்கு அடிப்படையான 'கிட்' என்றால் அவரவர் கணினியிலேயே முழுப் பிரதி இருக்குமே என்பீர்கள். கோடு இருக்கும், சரி. பிழைப் பட்டியலும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சொன்ன கருத்துகளும் தளத்தில்தானே கிடக்கின்றன? (அந்த 'கிட்'டே, லினக்ஸ் குழு இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவி 2005இல் கைவிட்டுப்போனதால் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் எழுதியதுதான்.)

எழுத்துகளைத் திரையில் கோக்கும் நிரல் ஒன்றில் எனக்கு உதவியவர் டமாஸ்கஸ்காரர். தமிழ்க் கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். அரபு எழுத்து இடத்துக்கு இடம் உருமாறும். இரண்டு தலைவலியும் அவருக்கு அத்துப்படி. கிட்ஹப் அவர் கணக்கை மூடியபின் திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்புவார்; நான் ஏற்றுவேன். கமிட்டில் (மாற்றப் பதிவில்) அவர் பெயரைத்தான் போட்டேன். இருந்தும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'இதோ என் பக்கம்' என்று காட்ட அவருக்கு எதுவும் இல்லை.

சட்டம், நிறுவனம் என்ன செய்யும் என்கிறார்கள். ஈரானுக்கு மட்டும் எப்படி முடிந்தது? அமெரிக்க நிதித்துறையிடம் உரிமம் வாங்கி 2021 ஜனவரியிலேயே அங்கே திறந்துவிட்டார்களே! சிரியர்கள் மேலும் நாலரை ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

பெரிய நிறுவனங்கள் மீது தடை விதிக்கும்போது, கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொள்ள அதே நிதித்துறை பலமுறை அவகாசம் தந்திருக்கிறது. பெரிய வியாபாரிக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை, நிரல் எழுதும் மாணவருக்கு ஏன் இல்லை? இனி எந்த நாட்டின் மீது தடை வந்தாலும், கணக்கை மூடுவதற்கு முன் தரவை எடுத்துக்கொள்ள ஒரு மாதமாவது தர வேண்டும். உரிமம் கேட்கும்போதே நிறுவனங்கள் இதையும் கேட்டு வாங்கட்டும்.