ஒரு மணித்தியாலம், இரண்டு பதிவுப் புத்தகங்கள்

விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறை என்னுடையது. பொம்பர், ஹெலி, வண்டு என்று சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிவிடுவோம். அதை ஓட்டுபவர் எத்தனை மணித்தியாலம் பறந்தவர் என்பது எங்கள் கேள்வியாக இருந்ததேயில்லை. அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவன் அமெரிக்காவில் விமானியாகப் பயிற்சி பெற்றுவரும் என் அக்காவின் மகன்.

சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் பேசும்போது, “மாமா, நானும் சிநேகிதனும் வாடகையைப் பாதி பாதியாப் போட்டுப் பறக்கிறம். அந்த நேரத்தை ரெண்டு பேருமே எழுதலாம்” என்றான். ஒரே விமானம், ஒரே மணித்தியாலம், அது எப்படி இரண்டு பேருடைய புத்தகத்திலும் ஏறும்? கள்ளக் கணக்கோ என்றுதான் முதலில் நினைத்தேன். விதிகளை வாசித்த பிறகு அப்படி இல்லை என்று விளங்கியது. ஆனால் சட்டப்படியான கணக்குக்கும் கள்ளக் கணக்குக்கும் இடையிலுள்ள கோடு மிக மெல்லியது என்பதும் சேர்ந்தே விளங்கியது.

இந்த இளைஞர்கள் ஏன் மணித்தியாலங்களைத் துரத்துகிறார்கள்? 2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு, நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே கொல்கன் எயார் நிறுவனத்தின் 3407ஆம் இலக்க விமானம் வீடொன்றின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தனர். வேகம் குறைந்துவிட்டது என்று விமானம் எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகத் தலைமை விமானி கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்ததே காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் வோஷிங்டனை விட்டு அகலவில்லை. அதன் பலனாக 2010இல் சட்டம் வந்தது. 2013இல் விதி நடைமுறையானது. அதுவரை 250 மணித்தியாலத்துடன் துணை விமானியாகச் சேர முடிந்தது. இப்போது பொதுவாக 1,500 வேண்டும். இராணுவ விமானிகளுக்கும் குறித்த பட்டப்படிப்புகளை முடித்தவர்களுக்கும் மட்டும் சலுகை உண்டு.

இந்த 1,500ஐ எட்டுவதற்குப் பணம் வேண்டும். ஆகவே செலவைப் பகிர்கிறார்கள், கட்டுப்பாட்டையும் பகிர்கிறார்கள். அங்கேதான் விதி சிக்கலாகிறது.

அமெரிக்க விதியில் இரண்டு விடயங்கள் வெவ்வேறானவை. விமானத்துக்குப் பொறுப்பாளியாக இருப்பது ஒன்று. பொறுப்பு விமானி நேரம் என்று புத்தகத்தில் எழுதுவது இன்னொன்று. அந்த வகை விமானத்தை ஓட்டத் தகுதி பெற்ற ஒருவர் கட்டுப்பாட்டைத் தனியே கையாளும் நேரத்தைத் தன் பொறுப்பு நேரமாக எழுதலாம். பயிற்றுநர் அல்லாத இரண்டு நண்பர்கள் சிறிய விமானமொன்றில் போகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பொறுப்பாளி, ஆனால் அரை மணித்தியாலம் மற்றவர் ஓட்டுகிறார். அந்த அரை மணித்தியாலம் ஓட்டியவருக்கே சேரும். ஏதும் நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர், நேரம் கிடைப்பது இன்னொருவருக்கு. ஐரோப்பாவில் கணக்கு இன்னும் இறுக்கமானது. அங்கே பயிற்றுநருடன் பறந்தால் பொறுப்பு நேரம் பயிற்றுநருக்கு, பயிற்சி நேரம் மாணவருக்கு. அமெரிக்காவிலோ, ஏற்கெனவே அனுமதிப்பத்திரம் உள்ளவர் பயிற்றுநருடன் பறக்கும்போது இருவருமே பொறுப்பு நேரம் எழுதலாம்.

என் மருமகன் சொன்னது இன்னொரு வழி. முகிலுக்குள் பறக்கப் பழகுபவர் வெளியே பார்க்க முடியாதபடி நெற்றியில் மறைப்பு அணிந்து, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவார். அப்போது வெளியே கண் வைத்திருக்க, அனுமதிப்பத்திரம் உள்ள இன்னொருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அவர் பாதுகாப்பு விமானி. அந்த நேரத்துக்கு இரண்டு விமானிகளும் சட்டப்படி அவசியம் என்பதால் இருவரும் நேரம் எழுதலாம். பாதுகாப்பு விமானி பொறுப்பை ஏற்பதாக முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்டிருந்தால் அவரும் பொறுப்பு நேரம் எழுதலாம். இல்லாவிட்டால் துணை விமானி நேரம்தான். மறைப்பு அணிந்திருந்த நேரம் மட்டுமே அவருக்குரியது. ஓடுபாதைக்குப் போன நேரமும் ஏறி இறங்கிய நேரமும் சேராது. தூரப் பயணக் கணக்கும் அவருக்கு இல்லை.

இது நியாயமான விதி. வெளியே கண் வைத்திருப்பதும் வேலைதான். ஆனால் மறைப்பு எத்தனை நிமிடம் நெற்றியில் இருந்தது என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். பொய்யாக எழுதியது தெரியவந்தால் அனுமதிப்பத்திரமே பறிபோகலாம். எனினும் தெரியவருவது எப்படி? கடைசிப் பறப்பில் 1.3 மணித்தியாலத்தில் மறைப்பு இருந்தது 0.8 மட்டுமே என்றான் மருமகன். “முழுசா எழுது, யார் பார்க்கினம்” என்றானாம் சிநேகிதன். இவன் 0.8தான் எழுதினான்.

இங்குதான் என் கேள்வி. கொல்கன் தலைமை விமானியிடம் 3,379 மணித்தியாலங்கள் இருந்தன. துணை விமானியிடம் 2,244. இருவருமே பின்னர் வந்த எல்லையைத் தாண்டியவர்கள். ஆகவே அந்த விபத்தைத் தடுத்திருக்கக்கூடியது எண்ணிக்கை அல்ல. 2009க்குப் பிறகு 2025 ஜனவரி வரை அமெரிக்க விமான நிறுவனங்களில் அத்தகைய பெருவிபத்து இல்லை என்பது விதியின் ஆதரவாளர்கள் வைக்கும் வாதம். அது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் விமானிகளின் ஓய்வு விதிகள் மாறின, வேகமிழக்கும் விமானத்தை மீட்கும் பயிற்சியும் மாறியது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு ஏறக்குறைய 200 மணித்தியாலம் போதும். ஐரோப்பிய வானம் அமெரிக்க வானத்தைவிட ஆபத்தானதாகிவிடவில்லை.

அதற்காக அந்தக் குடும்பங்கள் வீணாகப் போராடினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். விதியைத் தளர்த்தும் முயற்சிகள் வந்தபோதெல்லாம் அவர்கள் மீண்டும் போய் நின்றார்கள். 2024 மே மாதம் கையொப்பமான சட்டமும் 1,500ஐ அப்படியே விட்டது. இழந்தவர்கள் கேட்டது தங்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கு உண்மையில் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை. அரசு அதற்குக் கொடுத்த பதிலில் முதலில் கண்ணில் படுவது ஓர் எண். எண்ணை எளிதாகச் சோதிக்கலாம். திறமையைச் சோதிக்க நேரமும் ஆளும் பணமும் வேண்டும்.

பதிவேட்டில் எழுதியிருப்பதே உண்மை என்று அதிகாரிகள் சொல்லக் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். எழுதியவர் நேர்மையாக எழுதினாரா என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் சத்தம் கேட்டு ஓடிய நாங்கள் இன்று அங்கிருந்து சென்னைக்குச் சீட்டு எடுத்து ஏறி அமர்கிறோம். முன்னால் இருப்பவரின் புத்தகத்தை நாங்கள் ஒருபோதும் பார்க்கப்போவதில்லை. அதை ஒழுங்காகப் பார்க்கவேண்டியவர்கள் மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு மணித்தியாலத்திலும் என்ன செய்யப்பட்டது என்று கேட்கவேண்டும்.