ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். அதற்கு யார் யாரோ என்னென்னவோ அர்த்தம் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆராய்ச்சியில் அக்கறை இல்லை. இன்றைக்கு நம் நகரங்களில் நடக்கிற காரியத்தைப் பார்த்தால் பழமொழியைத் திருப்பித்தான் சொல்ல வேண்டும்: வீடு புகுந்த ஆமை உருப்படாது.

வண்ணமீன் கடைகளில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட பச்சை ஆமைக் குஞ்சு ஒன்று நீந்திக்கொண்டிருக்கும், அதைத்தான் சொல்கிறேன். அதன் பூர்வீகம் அமெரிக்காவில் மிஸிஸிப்பி நதிப் பிரதேசம். குழந்தை கேட்கிறது, அப்பா வாங்கித் தருகிறார். “ஒரு சிரமமும் இல்லை சார், கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நாலு தீனி போட்டால் போதும்” என்கிறார் கடைக்காரர். அந்தக் குஞ்சு வளர்ந்தால் ஓடு மட்டுமே ஓர் அடி நீளம் வரை வரக்கூடும் என்றோ, நன்றாகப் பராமரித்தால் 30 வருஷம் உயிரோடிருக்கும் என்றோ அவர் சொல்வதில்லை. சொன்னால் யார் வாங்குவார்கள்?

வாங்கிய மறுவாரமே தண்ணீர் நாற்றமெடுக்கிறது. அப்போது கிளம்புகிறது ஒரு வாதம்: “குட்டையில் சேற்றில் கிடக்கிற பிராணிதானே! அதற்கு எதற்கு இத்தனை சுத்தம்?”

கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் குட்டையின் கலங்கலும் கிண்ணத்தின் அழுக்கும் ஒன்றல்ல. ஆமையின் கழிவிலிருந்தும், அது கடித்துத் துப்பிய தீனி அழுகுவதிலிருந்தும் அம்மோனியா பிறக்கிறது. குட்டையில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் அதைக் கரைத்து வலுவிழக்கச் செய்கிறது. சேற்றிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடிகொடிகள் உரமாக எடுத்துக்கொள்கின்றன. இந்த நுண்ணுயிர்களை ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-ஆம் வருஷத்திலேயே பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். நம் கிண்ணத்தில் சேறும் இல்லை, செடியும் இல்லை, போதிய தண்ணீரும் இல்லை. இருப்பது ஆமையும் அதன் மலமும்தான். இதைக் குட்டையோடு ஒப்பிடுவது, கழிப்பறைத் தொட்டியைக் காவேரியோடு ஒப்பிடுவது மாதிரி.

மீனாக இருந்தால் இந்தத் தண்ணீரில் இரண்டொரு நாளில் செத்து மிதந்து நம் அலட்சியத்தை ஊரறியச் சொல்லிவிடும். ஆமையோ தலையைத் தூக்கி வெளிக்காற்றைச் சுவாசிக்கிற பிராணி, சீக்கிரம் சாகாது. கண் எரியும், தோல் புண்ணாகும், ஓடு மெல்ல மெல்ல அழுகும், ஆனாலும் உயிரோடிருக்கும். “எங்கள் ஆமை ரொம்ப சாது, ஓர் ஓரமாகக் கிடக்கும்” என்று பெருமைப்படுகிறார்கள். ஐயா, அது சாதுவாக இருக்கவில்லை. சீக்காக இருக்கிறது.

அடுத்தபடியாக ஒரு புட்டி மருந்து வருகிறது. நாலு சொட்டு விட்டால் தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிடுமாம். ஆகட்டும், நம் பாட்டிமார்கள் படிகாரத்தைக் கலக்கிச் செய்த காரியம்தான் அது. தண்ணீரில் மிதக்கிற தூசு திரண்டு அடியில் படியும். கரைந்திருக்கிற அம்மோனியாவுக்கு நிறம் ஏது, அது படிவதற்கு? தெளிவு வேறு, சுத்தம் வேறு. விருந்தாளியின் கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் போதும். அதிலேயே கிடக்கிற ஜீவனுக்குப் போதாது.

இன்னொரு சாரார் உண்மையிலேயே உழைக்கிறார்கள். தினமும் முழுத் தண்ணீரையும் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியின் ஸ்பஞ்சையும் குழாயடியில் பிழிந்து பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். இவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். அழுக்கைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்களுக்கு அந்த ஸ்பஞ்சுதான் குடியிருப்பு. குடியேறி நிலைக்கவே அவற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடுகிறது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பஞ்சை இலேசாக அலசினால் போதும். புதிதாக ஊற்றும் தண்ணீரிலும் குளோரினை முறித்துவிட்டே ஊற்ற வேண்டும். தீனியைத் தனிப் பாத்திரத்தில் போட்டால் தொட்டியில் சேரும் அழுக்கு குறையும். ஏறி உட்கார்ந்து ஓடு காய ஒரு மேடும் வேண்டும்.

“சென்னை மாதிரி ஊரில் மனுஷனுக்கே தண்ணீர் இல்லை; ஆமைக்கு அத்தனை தண்ணீரா?” என்று கேட்கலாம். 2019-ஆம் வருஷம் ஏரிகள் வறண்டு, லாரிக்குப் பின்னால் குடங்கள் ஓடியதைப் பார்த்த ஊர் இது, கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் அளவு. 4 அங்குல ஆமைக்கு ஏறக்குறைய 150 லிட்டர் தொட்டி. நல்ல வடிகட்டி இருந்தால் வாரத்துக்குக் கால் பங்கு மாற்றினால் போதும். 40 லிட்டருக்குள் முடிந்துவிடும். அதே ஆமையை 10 லிட்டர் தொட்டியில் வைத்துத் தினமும் மாற்றினால் வாரத்துக்கு 70 லிட்டர். சிக்கனம் என்று நினைத்துச் சின்னத் தொட்டி வாங்குகிறவர்தான் தண்ணீரை வீணாக்குகிறார். பெரிய தொட்டியில் மாற்றிய தண்ணீர் பூச்செடிக்கு உரமாகவும் ஆகும்.

நான் ஆமைக்காக மட்டும் பரிந்து பேசவில்லை. பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கிற ஆமையிடமும் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட சின்னக் கிண்ணங்களில் ஆமைக் குஞ்சு வளர்ப்பது ஒரு காலத்தில் மோகமாக இருந்தது. 1970-களின் ஆரம்பத்தில் ஆமைகளால் வருஷத்துக்கு 2,80,000 பேர் இந்த நோய்க்கு ஆளானதாக மதிப்பிட்டார்கள். குஞ்சுகளைக் குழந்தைகள் வாயில் வைத்துக்கொண்டதும் ஒரு காரணம். 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கக் கூடாதென்று அந்த அரசாங்கம் தடை போட்டது. எவ்வளவு சுத்தமான தண்ணீரானாலும் இந்தக் கிருமியை அடியோடு ஒழிக்காது. அழுக்குத் தண்ணீரோ அதைப் பெருக்கி வைக்கும். அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுகிறவர்களை என்னவென்று சொல்வது! தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிற வீட்டுக்கு இந்த ஆமையே வேண்டாம்.

கடைசியில், அலுத்துப்போனவர்கள் செய்கிற புண்ணிய காரியம் ஒன்று உண்டு: இரவோடிரவாகக் கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவது. உலகிலேயே மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று விஞ்ஞானிகள் வகுத்த பட்டியலில் இந்த ஆமையும் ஒன்று. நம் நாட்டு ஆமையின் இரையையும், வெயில் காயும் இடத்தையும் இது பறித்துக்கொள்ளும். வீட்டில் நாற்றம் பொறுக்காமல் குளத்தையே கெடுப்பதற்குப் புண்ணியம் என்று பேர்! “அப்படியானால் நம் நாட்டு ஆமையையே வளர்க்கிறேன்” என்று கிளம்பிவிடாதீர்கள். அது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெரிய தொட்டியும் நல்ல வடிகட்டியும் வாங்குங்கள். முடியாவிட்டால், முடிந்தவரைத் தேடிக் கொடுங்கள். இன்னும் வாங்காதவர்கள் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வீடு திரும்புங்கள்: “30 வருஷத்துக்கு இதன் தண்ணீரை யார் மாற்றுவது?” ஒரு ஜீவனைச் சிறை வைக்கிறவன் அதன் மலத்தை அள்ளவும் கடமைப்பட்டவன். அதற்கு மனமில்லாதவன் குழந்தைக்கு ஒரு மர ஆமை வாங்கிக் கொடுக்கட்டும்.