கிருஷ்ணகிரிக்கு ஒன்பது மில்லிமீட்டரில் ஒரு ரயில்

கிருஷ்ணகிரிக்கு ரயில் கொண்டுவருவேன் என்று சொல்லாத வேட்பாளரை எங்கள் மாவட்டம் பார்த்ததில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை என்பது தேர்தலுக்குத் தேர்தல் தூசி தட்டி எடுக்கப்படும் வாக்குறுதி. மாவட்டம் பிரிந்தது 2004ல். மாவட்டத் தலைநகருக்கு இன்றும் ஸ்டேஷன் இல்லை.

புதிதாகக் கேட்கிறோமே, இருந்ததைப் பற்றி யாராவது பேசுகிறோமா? 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று. அது 1913ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டும் இரண்டரை அடி அகலக் குறும்பாதைகள். 1876-78 பெரும் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு தெரிந்ததே. அடுத்த பஞ்சத்துக்குத் தானியமாவது வந்து சேரட்டும் என்ற கணக்கில் போடப்பட்டவை இந்தப் பாதைகள். உலகப் போர் நடந்த 1941ல் இரண்டையும் மூடித் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பிறகு ஓசூருக்கு மீட்டர் கேஜ் வந்தது, அது அகலப் பாதையும் ஆனது. மொரப்பூர் - தருமபுரி இணைப்புக்குக்கூட 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். கிருஷ்ணகிரிக்கு மட்டும் எதுவும் இல்லை.

அதனால் எங்கள் வீட்டு மாடி அறையில் நானே போட்டுக்கொண்டேன்.

ஓசூரில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்றால் அது காசு. சிப்காட்டில் ஷிப்டு பார்க்கும் பையன்கள் வாடகைக்கு இடம் தேடி அலைகிற ஊர் இது. மகன் கல்யாணமாகி பெங்களூரில் குடியேறியதும் வீட்டுக்காரி கணக்குப் போட்டாள்: "ஏங்க, ரெண்டு பசங்களுக்கு விட்டா கரன்ட் பில்லு, தண்ணி வண்டிக் காசு எல்லாம் அதுலயே போயிடும்." கணக்கு சரிதான். ஆனால் டூல் ரூமில் காலம் முழுக்க அடுத்தவன் டிராயிங்குக்கு வேலை செய்தவனுக்கு, சொந்தமாக ஒரு டிராயிங் போட்டுப் பார்க்கும் ஆசை இருக்காதா?

எல்லோரும் முதலில் நினைப்பது வந்தே பாரத்தையோ லால்பாக் எக்ஸ்பிரஸையோ வீட்டில் ஓடவிடுவதைத்தான். அங்கேதான் இடிக்கும். உலகம் முழுக்க அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவு, நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. அதன் தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கிப் பாருங்கள், 1435 வரும். ஐரோப்பாவின் பாதை அகலம் அது. நம்முடைய அகலப் பாதையோ 1676. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். அந்த அளவில் கடையில் தண்டவாளம் வாங்க வழியில்லை. 16.5லேயே நம் எஞ்சினை நிறுத்தினால், தோள் அகன்ற ஆள் காலை ஒடுக்கி நிற்கிற மாதிரி இருக்கும். போகட்டும் என்று விட்டாலும் நீளம் விடாது. 24 பெட்டி எக்ஸ்பிரஸ் அந்த அளவில் கிட்டத்தட்ட 22 அடி. என் அறை பத்துக்குப் பத்து.

மறைந்துபோன குறும்பாதைக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டரை அடி என்பது 762 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 8.76. இன்னும் சிறிய 'என்' அளவு ரயில்களுக்கென்று உலகம் முழுக்க விற்கும் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! டூல் ரூமில் கால் மில்லிமீட்டர் தப்பினால் மெமோ வரும்; பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஐரோப்பாவில் குறும்பாதை ரயில் செய்கிறவர்கள் நெடுநாளாகச் செய்துவரும் உபாயம் இது. சிறிய ஜப்பான் எஞ்சின் ஒன்றின் அடிச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே பித்தளைத் தகட்டில் நம் எஞ்சினின் உடலை வெட்டிச் சால்டர் வைத்தால் வண்டி தயார். சின்ன எஞ்சின், சின்னப் பெட்டி, கால் மீட்டர் ஆரத்திலேயே வளைந்துவிடும். அறைக்குள் அடங்குவதற்கென்றே பிறந்த ரயில்.

அறை நடுவில் மேஜை போடவில்லை. நெஞ்சு உயரத்தில் சுவரோரமாக இரண்டடி அகலப் பலகை. கை எட்டாத இடத்தில்தான் வண்டி எப்போதும் தடம் புரளும். ஒரு முனையில் கிருஷ்ணகிரி ஸ்டேஷன், பின்னால் சையத் பாஷா மலை. மலை கம்பி வலையும் பசை தடவிய பழைய செய்தித்தாள்களும்தான். எத்தனை கிருஷ்ணகிரி ரயில் வாக்குறுதிகள் அதற்குள் புதைந்திருக்கின்றனவோ.

தண்டவாள ஜல்லி பொட்டலமாக விற்கிறது, விலை கேட்டால் மயக்கம் வரும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கல்லை இறக்குமதி செய்வதா? கிரானைட் அறுக்கும் பட்டறையில் ஒரு சாக்குத் தூள் சும்மாவே கிடைத்தது. டீ வடிகட்டியில் சலித்தேன். சலித்தால் மட்டும் போதாது. கல் அறுக்கும் வாளோடு இரும்புக் குருணை போட்டுத்தான் பாளங்களை அறுக்கிறார்கள். அந்த இரும்பு தூளில் கலந்திருக்கும். எஞ்சின் மோட்டாரில் காந்தம் உண்டு. குருணையை உள்ளே இழுத்துக்கொண்டால் மோட்டார் போச்சு. அதனால் தூளைத் தட்டில் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு மேலே ஓட்ட வேண்டும். கறுப்பு மீசை போல் ஒட்டிக்கொண்டு வரும். தள்ளிப் போய், காந்தத்தை வெளியே எடுத்துவிட்டுப் பையை உதறினால் எல்லாம் உதிர்ந்துவிடும். மறுபடி ஓட்ட வேண்டும், மீசை வராத வரைக்கும்.

வண்டி ஸ்டேஷனை விட்டு மலைக்குப் பின்னால் போய், சுற்றித் திரும்பி வர வேண்டும். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பையன் டிப்ளமோ படித்தவன், சி.என்.சி. ஆபரேட்டர். "சுத்தி வளைச்சு அதே லைன்ல சேத்துட்டா முடிஞ்சுதே அங்கிள்" என்றான். சேர்த்துப் பார் என்றேன். சேர்த்தான், ட்ரிப் ஆனது. இடது தண்டவாளத்தில் பிளஸ், வலதில் மைனஸ். வட்டமடித்துத் திரும்பும்போது இடது போய் வலதோடு முட்டும், ஷார்ட் ஆகும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அரைமணி நேரம் குந்தியிருந்தான். பிறகு வளையத்தின் இரண்டு முனையிலும் தண்டவாளத்தை வெட்டித் தனியாக்கி, வண்டி உள்ளே இருக்கும்போது மெயின் லைனின் துருவத்தை மாற்ற ஒரு டி.பி.டி.டி. சுவிட்ச் போடலாம் என்று அவனே சொன்னான். டிப்ளமோ வாங்கி வந்து பட்டன் அழுத்தும் வேலையில் உட்கார்ந்தவன், முதல்முறையாகத் தன் படிப்பைத் தொட்டுப் பார்த்த முகம் அது.

இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946ல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் சங்கம் ஆரம்பித்தார்கள். மேஜைக்கு அடியில் பழைய டெலிபோன் ரிலேக்களை இணைத்து விளையாடிய அந்தக் கூட்டத்திலிருந்துதான் பின்னாளில் கணினி நிரலாளர்களின் முதல் தலைமுறையில் பலர் வந்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. டைட்டன் எட்ஜ் கடிகாரம் ஓசூர்க்காரர்கள் செய்தது. அதன் உள்ளியக்கத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். அதைச் செய்த ஊரில், பொம்மை எஞ்சினுக்குள் ஓடும் பல்சக்கரத்துக்கு ஜப்பானையும் ஜெர்மனியையும் பார்த்துக் கை நீட்டுகிறோம். ஒயர் கட் மெஷின் இல்லாத தெரு உண்டா இங்கே? பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023ல் 70. மாதிரி ரயிலும் பொம்மைக் கணக்கில்தான் சேரும். வெளியிலிருந்து வருவதைத் தடுத்தால் உள்ளே தொழில் வளரும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வரி மட்டும் பல்சக்கரம் வெட்டாது; யாராவது டிராயிங் போட வேண்டும். ஆர்டர் குறைந்து மெஷின் சும்மா நிற்கும் நாட்களில் சிட்கோ பட்டறைகள் முயலக்கூடிய வேலை இது.

முதல் ஆர்டரை அரசே கொடுக்கலாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் ஒரு சுவரை ஒதுக்கி, 1941க்கு முன்பிருந்த இரண்டு பாதைகளையும் ஓடும் மாதிரியாக வைக்கட்டும். புனேயில் ஜோஷி என்ற தனி மனிதர் 1998லேயே மாதிரி ரயில் அருங்காட்சியகம் திறந்துவிட்டார்; மாவட்ட நிர்வாகத்தால் முடியாதா? மரவேலையும் ஒயரிங்கும் ஐ.டி.ஐ. மாணவர்கள் செய்யட்டும். ரயில் கேட்டு மனு கொடுக்கும் கட்சிக்காரர்கள் ஒருமுறை வந்து, தாங்கள் கேட்பது எங்கே இருந்தது என்று பார்த்துப் போகட்டும். ஆகும் செலவு, அமைச்சர் வருகைக்கு வைக்கும் வளைவுகளின் செலவைத் தாண்டாது. ஜல்லி பற்றிக் கவலை வேண்டாம். சலித்து, காந்தம் ஓட்டியது என்னிடம் அரை சாக்கு மிச்சம் இருக்கிறது.